மலையில் முதல் நர்ஸ் வேலை: சம்பளமும் சலுகையும் பேசி வாங்குவது எப்படி?

படிப்பை முடித்துவிட்டு முதல் வேலைக்குப் போகும் நர்ஸ்கள் பெரும்பாலும் சம்பளம் பேசுவதில்லை. "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டால், "நீங்க பார்த்துப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். ஊர் சின்னது, மருத்துவமனைகள் கொஞ்சம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம்.

மலையில் வேலை பார்க்கும் நர்ஸுக்குக் கீழே கோவையில் இருப்பவரைவிடச் செலவு அதிகம். பொறுப்பும் அதிகம், ஏனென்றால் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. இந்த இரண்டையும் கணக்குப் போட்டு, மரியாதையாக எடுத்துச் சொல்லிக் கேட்பதற்கு எந்த நர்ஸும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ), பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஸ்டாஃப் நர்ஸாகச் சேருபவர்கள், அதற்கு மேலும் படித்து நர்ஸ் பிராக்டிஷனராக வருபவர்கள், இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நர்ஸ் பிராக்டிஷனருக்கு மட்டும் உரிய விஷயம் வரும்போது தனியாகச் சொல்கிறேன்.

1. தாள்கள்

பேசப் போகும் முன் மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவு கையில் இருக்க வேண்டும். "அப்ளை பண்ணியிருக்கேன், வந்துடும்" என்று சொன்னால் பயிற்சிக் காலச் சம்பளம் என்று ஒரு சின்னத் தொகையில் உட்கார வைத்துவிடுவார்கள். மேற்படிப்பு படித்திருந்தால் அந்தத் தகுதியையும் கவுன்சிலில் கூடுதலாகப் பதிவு செய்துவிடுங்கள். கேரள எல்லையில், கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் சுல்தான் பத்தேரிக்கு வேலைக்குப் போக நினைத்தால் அந்த மாநிலக் கவுன்சிலின் பதிவு தேவைப்படும். அதற்கு நாள் பிடிக்கும், முன்பே ஆரம்பித்துவிடுவது நல்லது.

எல்லாச் சான்றிதழுக்கும் இரண்டு செட் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப எடுத்துவர வேண்டும். ஏன் என்று பின்னால் வருகிறது.

2. நர்ஸ் பிராக்டிஷனர் என்றால், பதவிப் பெயரிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்

நம் நாட்டில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்தது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, குறைந்தது ஓராண்டு நோயாளிகளைப் பார்த்த அனுபவத்தோடு சேர வேண்டும். இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. நூற்றுக்கு இருபது பங்கு வகுப்பு, எண்பது பங்கு வார்டிலும் ஐ.சி.யூ.விலும் நேரடிப் பணி.

இந்த எண்பதை மறக்காதீர்கள். இன்டர்வியூவில் உங்களைப் 'ஃப்ரெஷர்' என்று போட்டுவிடுவார்கள். இந்த மேற்படிப்பை முடித்த தேதியிலிருந்து அனுபவத்தை எண்ணினால் பூஜ்யம்தான் வரும். அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்: "சார், என் ரெண்டு வருஷப் படிப்புல பெரும்பகுதி ஐ.சி.யூ. டியூட்டிதான். வெண்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்திருக்கேன். லாக் புக் கொண்டு வந்திருக்கேன், பாருங்க." லாக் புக்கை மேஜைமேல் வைத்துப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். எத்தனை இன்ட்யூபேஷனுக்கு (மூச்சுக்குழாயில் டியூப் போடுவது) உதவினீர்கள், எத்தனை ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுத்தீர்கள் என்று கையெழுத்தோடு இருக்கும். ஹெச்.ஆரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது புரியாமல் போகலாம். கூடவே இருக்கும் மயக்க மருந்து டாக்டருக்கோ நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கோ நன்றாகவே புரியும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது, ஆர்டரில் என்ன பெயர் போடுகிறார்கள் என்பது. பல இடங்களில் இந்தப் பதவியே கிடையாது. "ஸ்டாஃப் நர்ஸ்னு போட்டுக்கிறோம், வேலை நீங்க படிச்சதுதான்" என்பார்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்டாஃப் நர்ஸ் என்று போட்டால் சம்பளம் ஸ்டாஃப் நர்ஸ் ஸ்கேலில்தான் ஏறும். நாளை வேறு ஊருக்குப் போகும்போது அனுபவச் சான்றிதழிலும் அதுதான் இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, இரவில் டாக்டர் வீட்டில் இருக்கும்போது நீங்கள் எடுக்கும் முடிவுக்கு எழுத்தில் ஆதாரம் இல்லாமல் போவது. எந்த மருந்தை, எந்த அளவில், எந்த நிலையில் நீங்களே தொடங்கலாம், எப்போது டாக்டரைக் கட்டாயம் கூப்பிட வேண்டும் என்று மருத்துவமனை கையெழுத்திட்ட நெறிமுறை வேண்டும். இங்கே நர்ஸ் பிராக்டிஷனர் தன்னிச்சையாக மருத்துவம் பார்ப்பவர் இல்லை, அந்த நெறிமுறைக்கு உட்பட்டே வேலை பார்க்கிறார். அந்தத் தாள் இல்லாமல் பொறுப்பு மட்டும் கொடுத்தால், எவ்வளவு சம்பளம் தந்தாலும் நான் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். தொழில்சார் இன்ஷூரன்ஸில் உங்கள் பெயரும் சேர்க்கப்படுகிறதா என்று கேளுங்கள். டாக்டர்களுக்கு மட்டும் எடுத்துவிட்டு நர்ஸை விட்டுவிடுவது உண்டு.

3. மலைக் கணக்கு

அரசு ஊழியர்களுக்கு நீலகிரியில் மலைப்படி, குளிர்காலப் படி என்று தனியாகக் கொடுக்கிறார்கள். மலையில் வாழச் செலவு கூடுதல் என்று அரசே ஒத்துக்கொண்ட விஷயம் இது. தனியார் மருத்துவமனையில் இந்தப் பெயரில் எதுவும் இருக்காது. ஆனால் செலவு உங்களுக்கும் அதேதான். அதனால் போகும் முன் உட்கார்ந்து எழுதுங்கள்.

ரூம் வாடகை. ஊட்டி, குன்னூரில் நல்ல வீடுகளெல்லாம் காட்டேஜ், ஹோம்ஸ்டே என்று ஆகிவிட்டன. மே மாத சீசனில் ஒரு நாளைக்கு வாங்கும் வாடகையைப் பார்த்த வீட்டுக்காரர், நர்ஸுக்கு மாத வாடகைக்கு விட யோசிப்பார். விட்டாலும் ஏப்ரலில் காலி பண்ணச் சொல்வார். பதினோரு மாத ஒப்பந்தமும் அட்வான்ஸும் கையில் இல்லாமல் வெளி ரூமை நம்பாதீர்கள்.

குளிர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் வெந்நீருக்கு ஆகும் கரன்ட், கம்பளி, ஸ்வெட்டர், மழைக்கோட்டு, நல்ல ஷூ. நைட் டியூட்டி முடிந்து வந்து வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. யூனிஃபார்ம் காயாது என்பதால் மூன்று செட் தேவைப்படும்.

போக்குவரத்து. ஹட்டியிலிருந்து (படகர் கிராமம்) வருபவர்களுக்கும் எஸ்டேட் லைனிலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வருபவர்களுக்கும் கடைசி பஸ் போய்விட்டால் ஆட்டோ அல்லது ஜீப்தான். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருட்டியதும் காட்டெருமை ரோட்டில் நிற்கும். கூடலூர், பந்தலூரில் யானை. இரவு 7 மணி டியூட்டிக்குத் தேயிலைத் தோட்டத்து வழியாக நடந்து வருவது துணிச்சல் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. வண்டி வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

மழை. கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில். மண் சரிந்து ரோடு அடைபட்டால் அடுத்த ஷிஃப்ட் ஆள் வர முடியாது, நீங்களே தொடர வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் மணிநேரத்துக்கு என்ன கணக்கு என்று சேரும்போதே கேட்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மாதம் எவ்வளவு என்று எழுதிக் கூட்டுங்கள். உங்கள் ஊர் இங்கேயே இருந்து, வீட்டிலிருந்தே வருவதாக இருந்தால் ரூம் செலவு இல்லை. ஆனால் அதைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க விடாதீர்கள். "நீங்க லோக்கல்தானேம்மா, செலவு என்ன?" என்று கேட்பார்கள். சம்பளம் வேலைக்குத்தான். அதோடு, உள்ளூர் ஆளாக இருப்பதே உங்கள் பெரிய பலம். மலை மருத்துவமனைகளின் தீராத தலைவலி, பயிற்சி கொடுத்த நர்ஸ் ஒரே வருஷத்தில் கோவைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவது. குளிர் பழகியவர், படகர்களின் படகா மொழி பேசத் தெரிந்தவர், கூடலூரில் மலையாளமும் பணியர் பழங்குடியினரின் பேச்சும் புரிந்தவர் கிடைப்பது அரிது. பாட்டி ஒருத்தி தன் மொழியில் "மூச்சு அடைக்குது" என்று சொல்வதைப் புரிந்துகொள்ளும் நர்ஸ், ஐ.சி.யூ.வில் ஒரு மானிட்டருக்குச் சமம். இதை அடக்கமாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள்.

4. நிலவரம் தெரிந்துகொள்வது

கூடப் படித்தவர்களிடம் கேளுங்கள். சம்பளத்தைச் சொல்ல வெட்கப்படுகிறோம், அதனால்தான் ஒரே வார்டில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் நடக்கிறது. மேட்டுப்பாளையம், கோவையில் என்ன தருகிறார்கள் என்றும் கேளுங்கள். கோவை பெரிய ஆஸ்பத்திரிகளின் தொகை இங்கே கிடைக்காமல் போகலாம், ஆனால் அளவுகோல் அதுதான்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு பொது ஆவணமும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று பிறப்பித்த உத்தரவின்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்கு அந்தக் குழு பரிந்துரைத்தது இது: 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைக்குக் கீழ் என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. விடுப்பு, வேலை நேரம், போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் அரசு நர்ஸுக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

இது பரிந்துரை. மாநிலம் சட்டமாக்கினால்தான் கட்டாயம் ஆகும். அதனால் "இது சட்டம்" என்று வாதாடப் போகாதீர்கள். "20,000 என்பது பத்து வருஷத்துக்கு முன்னால, சின்ன ஆஸ்பத்திரிக்குச் சொன்ன தொகை சார்" என்று மட்டும் சொல்லுங்கள், அதுவே போதும். பக்கத்து மாநிலமான கேரளம் 2018 ஏப்ரலில் தனியார் நர்ஸ்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 என்று அறிவித்தது. கூடலூரில் பேசும்போது இது உதவும், ஏனென்றால் நர்ஸ்கள் எல்லை தாண்டிப் போய்விடுவார்கள் என்பது அங்குள்ள நிர்வாகங்களுக்குத் தெரியும்.

5. சி.டி.சி. என்ற ஏமாற்றும் எண்

சி.டி.சி. என்றால் உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. 'மாதம் 26,000 சி.டி.சி.' என்று சொல்கிறார்கள் என்று வையுங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000. கையில் எவ்வளவு வரும்?

பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக்கு மருத்துவமனை தன் பங்காகக் கட்டும், அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், 1,800 ரூபாய், இந்த 26,000-க்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டிக்கு (வேலையைவிட்டு விலகும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்குவது என்று 721 ரூபாயும் இதற்குள்ளேயே. இரண்டையும் கழித்தால் மொத்தச் சம்பளம் 23,479. இதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 பிடித்தால் 21,679. ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் 3,000 பிடித்தால் கைக்கு வருவது 18,679. உள்ளாட்சி அமைப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்கும் தொழில் வரி வேறு. இருபத்தாறு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர் கையில் பதினெட்டரைதான் இருக்கும்.

அதனால் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், பிடித்தம் எல்லாம் போக அக்கவுன்ட்ல எவ்வளவு வரும்? பிரிச்சு எழுதித் தர்றீங்களா?" எழுதித் தர மறுக்கிற இடத்தில் உஷாராக இருங்கள்.

பி.எஃப். பிடிப்பது நஷ்டம் என்று நினைக்காதீர்கள். "பி.எஃப். வேண்டாம்னா கையில கூடத் தர்றோம்" என்று ஆசை காட்டுவார்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், 15,000 வரை அடிப்படைச் சம்பளம் வாங்குபவருக்கு அது உரிமை. நிறுவனமும் தன் பங்கைப் போடுகிறது, பென்ஷனும் அதிலிருந்துதான். அதைவிட்டுக் கொடுத்து ஆயிரம் ரூபாய் வாங்குவது நல்ல பேரம் கிடையாது.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மாதச் சம்பளம் 21,000 வரை என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. நீங்கள் கட்டுவது 0.75 சதவீதம், நிறுவனம் 3.25. சம்பளம் 20,500 என்றால் உங்கள் கையிலிருந்து போவது 154 ரூபாய். அதற்கு உங்களுக்கும் உங்களைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் சிகிச்சை, நோய் விடுப்புக் காலத்தில் சம்பளத்தின் ஒரு பகுதி, பிரசவத்துக்கு 26 வாரம். இப்போது பேசிப் பேசி 21,500 வாங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். ஆயிரம் ரூபாய் கூடியது, இ.எஸ்.ஐ. போய்விட்டது. வயதான அப்பா, அம்மா உங்கள் பொறுப்பில் இருந்தால் இது நஷ்டம். 21,000 கோட்டைத் தாண்டுவதாக இருந்தால் நன்றாகத் தாண்டுங்கள், கூடவே குடும்பத்தையும் சேர்த்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கேளுங்கள். 21,000-க்கும் 23,000-க்கும் நடுவில் நிற்பது எனக்குத் தெரிந்து மோசமான இடம்.

6. மூன்று எண்கள்

பேசப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். வாய்விட்டுக் கேட்கப் போகும் தொகை, மனதுக்குத் திருப்தியான தொகை, இதற்குக் கீழே போக மாட்டேன் என்ற தொகை. மூன்றாவதை வீட்டில் இருப்பவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். அங்கே போய் முடிவு செய்தால் குழப்பம்தான்.

7. பேச்சு

சின்ன மருத்துவமனைகளில் முதலாளியே டாக்டராக இருப்பார். அவரே பேசுவார். மிஷன் மருத்துவமனைகளில் நிர்வாகியும் நர்சிங் சூப்பரின்டென்டென்டும் சேர்ந்து உட்காருவார்கள். எங்கேயானாலும் சம்பளத்தை நீங்களாக முதலில் எடுக்க வேண்டாம். வேலை கொடுக்க முடிவு செய்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் பேசுங்கள். ஒரு பேச்சு எப்படிப் போகலாம் என்று பாருங்கள். நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர், எழுபது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனை. தொகைகள் வெறும் உதாரணம்.

"உங்க எதிர்பார்ப்பு என்னம்மா?"

"சார், என்னென்ன டியூட்டி வரும்னு ஒரு தடவை கேட்டுக்கிறேங்க. ஐ.சி.யூ. மட்டுமா, கேஷுவாலிட்டியும் பார்க்கணுமா? கோயம்புத்தூர் ரெஃபரலுக்குக் கூடப் போகணுங்களா?"

"எல்லாம்தான். நம்மளது சின்ன ஆஸ்பத்திரிதானே."

"சரிங்க சார். அப்படின்னா பிடித்தத்துக்கு முன்னாடி முப்பத்தஞ்சு எதிர்பார்க்கிறேங்க. ஐ.சி.யூ.வை ராத்திரியில நான் தனியாப் பார்த்துக்க முடியும். என் வீடு கோத்தகிரிதான், ஒரு வருஷத்துல விட்டுட்டுப் போற எண்ணம் இல்லைங்க."

"முப்பத்தஞ்சு நம்ம ஸ்கேல்லயே இல்லையேம்மா. இருபத்தெட்டு தரலாம்."

இந்த இடத்தில்தான் எல்லாரும் "சரிங்க சார்" என்று சொல்லிவிடுகிறோம். சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். அப்புறம்:

"இருபத்தெட்டுங்கறது கஷ்டம்தாங்க சார். முப்பத்திரண்டுக்கு வர முடியுமான்னு பாருங்க. இல்லைன்னா முப்பதுல ஆரம்பிச்சு, ஆறு மாசத்துல வேலையைப் பார்த்துட்டு முப்பத்திரண்டு ஆக்குறதை ஆர்டர்லயே எழுதிடலாம். நைட்டுக்கு வண்டியும், ரெஃபரலுக்குக் கூடப் போனா எஸ்கார்ட் அலவன்ஸும் தனியா இருக்கட்டும்."

இதில் சண்டை இல்லை, கெஞ்சலும் இல்லை. அவர் வெளியேற ஒரு வழி இருக்கிறது, உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் "எப்ப போன் பண்ணட்டுங்க சார்?" என்று நாள் கேட்டுக்கொண்டு எழுந்துவிடுங்கள். அன்றைக்கே ஆமாம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எங்கேயும் இல்லை.

"சேவை மனப்பான்மை இருக்கிறவங்க சம்பளம் பேச மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் வருத்தப்படாதீர்கள், பதிலும் சொல்ல வேண்டாம். சேவை மனப்பான்மை இருப்பதால்தான் இந்தப் படிப்புக்கு வந்தோம். கல்விக் கடனுக்கு மாதத் தவணை கட்டச் சம்பளம்தான் வேண்டும்.

8. பணத்தோடு சேர்த்துப் பேச வேண்டியவை

*எஸ்கார்ட் டியூட்டி.* மலை மருத்துவமனையின் தனி வேலை இது. மாரடைப்பு, தலைக்காயம், சிக்கலான பிரசவம் என்றால் நோயாளியைக் கோவைக்கு அனுப்புவார்கள், ஆம்புலன்ஸில் ஒரு நர்ஸ் கூடப் போக வேண்டும். ஊட்டியிலிருந்து கோவை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அம்பு பேக்கை (மூச்சு கொடுக்கும் பை) அழுத்திக்கொண்டு இறங்க வேண்டும். சீசனில் கீழே இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாக விடும்போது நெரிசல் வேறு. போய், நோயாளியை ஒப்படைத்து, திரும்பி வர ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும். இதைச் சாதாரண டியூட்டியாகக் கணக்கு வைத்தால் நியாயம் இல்லை. நான்கு விஷயம் கேளுங்கள்: ஒவ்வொரு முறைக்கும் தனிப்படி, சாப்பாட்டுச் செலவு, விபத்துக் காப்பீடு, இரவில் போய் வந்தால் மறுநாள் ஓய்வு. டியூட்டி முடியும் நேரத்தில் கிளம்பச் சொன்னால் அந்த மணிநேரம் ஓவர்டைம் என்று எழுத்தில் இருக்கட்டும்.

*நைட் டியூட்டி.* பல இடங்களில் பகல் ஷிஃப்ட் 7 முதல் 1, 1 முதல் 7, இரவு 7 முதல் காலை 7 என்று ஓடுகிறது. பகல் வாரத்தில் ஆறு நாளுக்கு 36 மணி நேரம், நைட் வாரத்தில் 72. சட்டத்தின் கணக்கு வாரத்துக்கு 48. அதனால் மாதத்துக்கு எத்தனை நைட், நைட் முடிந்தபின் எத்தனை நாள் ஆஃப், நைட் படி எவ்வளவு என்று தெளிவாகக் கேளுங்கள். இரவில் ஐ.சி.யூ.வில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் முறை. நாலு வெண்டிலேட்டருக்கு ஒரே ஆள் என்றால் எந்தச் சம்பளமும் அதற்கு ஈடாகாது.

*தங்குமிடம்.* முதல் வருஷம் மருத்துவமனை ஹாஸ்டல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. மலையில் அதன் மதிப்பு, வாடகைக்கென்று தரும் இரண்டாயிரத்தைவிட அதிகம். ஆனால் போய்ப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். வெந்நீர் வருகிறதா, சுவர் ஓதம் அடித்திருக்கிறதா, வார்டுக்கும் ஹாஸ்டலுக்கும் இடையே விளக்கு இருக்கிறதா. பிரதர்களுக்கு (ஆண் நர்ஸ்கள்) பல இடங்களில் ஹாஸ்டல் இல்லை, அவர்கள் வாடகைப் படியைத் தனியாகக் கேட்க வேண்டும்.

*விடுப்பும் படிப்பும்.* அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுத நினைப்பவர்கள் தேர்வு நாளுக்கு விடுப்பு உண்டா என்று மட்டும் கேட்டால் போதும், திட்டத்தையெல்லாம் விவரிக்க வேண்டாம். பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்ற உயிர்காக்கும் அவசரச் சிகிச்சைப் பயிற்சிகளுக்குக் கோவை போக வேண்டியிருக்கும். கட்டணத்தை மருத்துவமனை ஏற்கச் சொல்லுங்கள். சம்பளத்தில் இறங்கி வராதவர்கள் இதில் இறங்கி வருவார்கள்.

*பிரசவம்.* இ.எஸ்.ஐ. இல்லாவிட்டாலும், முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு சட்டப்படி உண்டு. "கல்யாணம் எப்போ?" என்று இன்டர்வியூவில் கேட்டால், "வேலையைப் பாதிக்காதுங்க சார்" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

9. கையெழுத்துப் போடும் முன்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாருக்கும் பணி நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். "முதல்ல சேருங்க, ஆர்டர் அப்புறம் வரும்" என்பதை ஏற்காதீர்கள். கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு நாள் வைத்துப் படியுங்கள்.

பாண்ட் என்ற பக்கத்தை இரண்டு முறை படியுங்கள். இரண்டு வருஷத்துக்குள் போனால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று இருக்கும். "பாண்டெல்லாம் செல்லாது, பயப்படாம கையெழுத்துப் போடு" என்று சீனியர்கள் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். 2025-இல் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கி ஊழியர் மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே நேரம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வாங்க முடியாது என்கிறது. ஆகவே பேசுங்கள்: உங்களுக்கு என்ன பயிற்சி தந்தார்கள், அதற்கு எவ்வளவு செலவு என்று பாண்டில் எழுதச் சொல்லுங்கள். மாதம் ஆக ஆகத் தொகை குறைய வேண்டும். அவர்களே வேலையைவிட்டு அனுப்பினாலோ சம்பளம் இரண்டு மாதம் தாமதமானாலோ பாண்ட் இல்லை என்று ஒரு வரி. ஒரு வருஷத்துக்கு மேலான பாண்டுக்கு, கூடுதல் சம்பளம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அசல் சான்றிதழ்களை "பத்திரமா வெச்சுக்கிறோம்" என்று கேட்டால் கொடுக்கக் கூடாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவதுதான் முறை. சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருந்தால், சம்பளம் பேசும் சக்தியும் அதே பீரோவில் போய்விடும்.

நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நீங்கள் மூன்று மாதம், அவர்கள் ஒரு வாரம் என்று இருந்தால் ஒரு மாதமாக மாற்றக் கேளுங்கள். தகுதிகாண் காலம் எப்போது முடிகிறது, முடிந்தால் சம்பளம் எவ்வளவு ஏறும் என்பதும் எண்ணாகவே எழுதியிருக்க வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தம் என்றால், புதிய சட்டத்தின்படி ஒரு வருஷம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. நிரந்தரப் பணி என்றால் ஐந்து வருஷம். எந்த வகை என்று கடிதத்தில் இருக்கட்டும்.

பேசி ஒத்துக்கொண்டது எதுவும் கடிதத்தில் விடுபட்டிருந்தால் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ பணிவாக எழுதுங்கள்: "வணக்கம் சார். நேற்றுப் பேசியபடி மாதச் சம்பளம் 30,000, ஆறு மாதத்துக்குப் பின் 32,000, நைட் டியூட்டிக்கு வண்டி, எஸ்கார்ட் படி ஆகியவை கடிதத்தில் விடுபட்டுள்ளன. சேர்த்து அனுப்பினால் கையெழுத்திட்டுத் தருகிறேன்." இதற்குக் கோபப்படுகிற நிர்வாகம், நாளை உங்கள் லீவுக்கும் கோபப்படும்.

10. சேர்ந்த பிறகு

முதல் சம்பளச் சீட்டைக் கடிதத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பி.எஃப். எண் வாங்கி, உமங் செயலியில் பாஸ்புக் பாருங்கள். உங்கள் பங்கு, அவர்கள் பங்கு இரண்டும் ஏறியிருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது நடக்கிறது. இரண்டாம் மாதமும் ஏறவில்லை என்றால் அக்கவுன்ட்ஸில் கேளுங்கள், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எஸ்கார்ட் போன தேதி, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம். டபுள் டியூட்டி பார்த்த நாள். ரோடு அடைபட்டதால் தொடர்ந்த ஷிஃப்ட். மேலதிகாரியிடம் அன்றைக்கே ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆறாவது மாதம் சம்பள உயர்வு பேசும்போது இந்த நோட்டையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். உயர்வுக்கான நாள் வரும் முன் பதினைந்து நாள் இருக்கும்போதே சூப்பரின்டென்டென்ட் மேடத்திடம் நேரம் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அடுத்த மாதச் சம்பளப் பட்டியல் அதற்குள் தயாராகிவிடும்.